கதை பழுதானால் எங்கே கை வைப்பது? அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

ஒரு வரைவை முடித்துவிட்டு, "ஏதோ சரியில்லை, என்னவென்றுதான் பிடிபடவில்லை" என்று உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதியது இது. பிறருடைய கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில், வருகிற புகார்கள் திரும்பத் திரும்ப அதே சிலதான். அவற்றை அறிகுறி வாரியாகப் போட்டிருக்கிறேன். உங்கள் கதைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் சுலபமான சோதனை முதலில் இருக்கும், நூறு பக்கத்தைத் திருப்பி எழுத வைக்கும் காரணம் கடைசியில் இருக்கும். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "இந்த இடத்தில் போரடித்தது" என்று வாசகர் சொன்னால், இடத்தை அவர் சரியாகவே சொல்கிறார். காரணத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் தவறுகிறார். சுவரில் ஈரம் தெரிவது ஓரிடம், குழாய் கசிவது வேறிடம். 20ஆம் அத்தியாயத்தில் தெரியும் பழுது 6ஆம் அத்தியாயத்தில் தொடங்கியிருக்கும். கீழே உள்ள சோதனைகளில் பாதி உங்களை முந்தைய பக்கங்களுக்கே அனுப்புவது அதனால்தான்.

## தொடங்குமுன்: காட்சிப் பட்டியல்

கைப்பிரதியை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு ஃபைலைத் திறக்காமல், நினைவிலிருந்தே, கதையின் எல்லாக் காட்சிகளையும் காட்சிக்கு ஒரு வரியாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் கைப்பிரதியோடு ஒப்பிடுங்கள். எழுதிய உங்களுக்கே நினைவுக்கு வராத காட்சிகள் சில இருக்கும். அவற்றின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். சந்தேகப் பட்டியலின் முதல் வரிசை தயார்.

அடுத்து, ஒவ்வொரு காட்சிக்கும் நான்கு விவரம் சேருங்கள்: யார் எதற்காக வருகிறார், எது தடுக்கிறது, எப்படி முடிகிறது, முடிந்தபின் என்ன மாறியிருக்கிறது. நாலாவது கட்டம் காலியாக இருந்தால் எதையாவது இட்டு நிரப்பாதீர்கள். காலியாகவே விடுங்கள், அதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

கீழே எடுத்துக்காட்டுக்காக ஒரு கற்பனைக் கதையைப் பயன்படுத்துகிறேன். மாலதி, இறந்துபோன அப்பாவின் வீட்டை விற்க வருகிறாள். தம்பி சேகர் கையெழுத்துப் போட மறுக்கிறான். அவ்வளவுதான்.

## அறிகுறி: "முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை"

எளிய காரணம்: தொடக்கம் முன்கூட்டியே தொடங்குகிறது. விழித்தெழுதல், வானிலை, பயணம், பழைய நினைவு. எழுதுபவர் கதைக்குள் நுழைய எடுத்துக்கொண்ட பக்கங்கள் அப்படியே தங்கிவிடுகின்றன. சோதனை: முதல் பத்தியை மறைத்துவிட்டுப் படியுங்கள். புரிகிறதா? அப்படியானால் முதல் பக்கத்தை மறையுங்கள். அப்புறம் முதல் காட்சியையே. எங்கே மறைத்தால் கதை புரியாமல் போகிறதோ அதற்குச் சற்று முன்னால் உங்கள் தொடக்கம் இருக்கிறது. மாலதி பேருந்தில் வருகிற ஆறு பக்கம் தேவையில்லை. பூட்டு மாற்றப்பட்டிருக்கும் வாசலில் அவள் பழைய சாவியோடு நிற்பது போதும்.

அடுத்தது: பெயர்கள். முதல் இரண்டு பக்கங்களில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். நாலைத் தாண்டினால் வாசகர் கதையை விட்டுவிட்டு உறவுமுறையைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களையும் பாருங்கள். சேகர், செல்வம், செந்தில் மூவரும் ஒரே வீட்டில் இருந்தால் இருவருக்குப் பெயர் மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னும் தீரவில்லையா? முன்கதை. பின்னணித் தகவல் வாசகர் கேட்பதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருக்கலாம். அப்பா எப்படிச் சம்பாதித்தார், எந்த வருஷம் வீடு கட்டினார் என்பதெல்லாம் சேகர் மறுத்தபிறகு சொன்னால் விறுவிறுப்பாக இருக்கும். அதற்கு முன்னால் சொன்னால் வெறும் விவரம். முன்கதைப் பத்திகளை வெட்டித் தனி ஃபைலில் வையுங்கள். எந்தக் காட்சியில் "இது ஏன்?" என்ற கேள்வி எழுகிறதோ அங்கே, தேவையான இரண்டு வரியை மட்டும் எடுத்து ஒட்டுங்கள். மிச்சம் அந்த ஃபைலிலேயே கிடக்கட்டும்.

செலவான காரணம்: உண்மையான கதை மூன்றாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது, முதல் இரண்டும் வேறொரு கதை. முதல் அத்தியாயம் துப்பறியும் தோரணையில் இருக்கிறது, நாவலோ குடும்பக்கதை என்றால் இதுதான் நிலைமை. அழகாக எழுதப்பட்ட தொடக்கம் என்பதற்காக வைத்திருக்காதீர்கள்.

## அறிகுறி: "நடுவில் தொய்கிறது"

அதிகமாக வரும் புகார் இதுதான், அதிகமாகத் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். தொய்வு என்றதும் பலர் ஒரு விபத்தையோ கொலையையோ கொண்டுவந்து நடுவில் போடுகிறார்கள். பத்துப் பக்கத்துக்குச் சூடு பிடிக்கும். அப்புறம் மறுபடி தொய்யும், இந்த முறை ஒரு பிணத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு.

சோதனை 1: இணைப்புச் சொல். காட்சிப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு இரண்டு வரிக்கும் நடுவில் எந்தச் சொல் பொருந்துகிறது என்று எழுதுங்கள். "அதனால்" அல்லது "ஆனால்" வந்தால் நல்லது. "அப்புறம்" மட்டுமே வந்தால் அங்கே கதை நகரவில்லை, நாள்தான் நகர்ந்திருக்கிறது.

மாலதி பத்திரத்தைத் தேடுகிறாள், அப்புறம் பழைய தோழியைப் பார்க்கிறாள், அப்புறம் வக்கீலிடம் போகிறாள். இதில் மூன்று காட்சி இருக்கிறது, கதை இல்லை. இப்படி மாற்றிப் பாருங்கள்: பத்திரத்தைத் தேடுகிறாள், ஆனால் வீடு அடமானத்தில் இருப்பது தெரிகிறது, அதனால் கடன் கொடுத்தவர் யாரென்று தோழியிடம் விசாரிக்கிறாள், ஆனால் கொடுத்ததே தோழியின் கணவர்தான். அதே ஆட்கள், அதே இடங்கள். புதிதாக யாரும் சாகவில்லை.

தொடர்ந்து மூன்று "அப்புறம்" வந்தால் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். ஒன்றிரண்டு தனியாக வந்தால் பரவாயில்லை. எல்லாக் காட்சியும் அடுத்ததைத் தள்ளிக்கொண்டே இருந்தால் வாசகருக்கு மூச்சு வாங்கும்.

சோதனை 2: இடம் மாற்றுதல். நடுப்பகுதியில் ஏதாவது இரண்டு காட்சிகளை முன்பின்னாக மாற்றிப் படியுங்கள். யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை என்றால் இரண்டில் ஒன்று வேண்டாம்.

சோதனை 3: ஒரே முடிவு. "எப்படி முடிகிறது" என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாக வாசியுங்கள். "சேகர் மறுத்தான்", "சேகர் மறுத்தான்", "சேகர் கோபமாக மறுத்தான்" என்று வருகிறதா? ஒரே காட்சியை மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். மூன்றிலும் சிறந்த வசனங்களை ஒன்றில் சேர்த்துவிட்டு மற்ற இரண்டையும் நீக்குங்கள். மனம் வராது. ஆனால் நடுப்பகுதியின் பாதி எடை இப்படித்தான் குறையும்.

இந்த மூன்று சோதனையிலும் தேறிவிட்டது, ஆனாலும் தொய்கிறது என்றால் கீழே உள்ள கிளைகளுக்குப் போங்கள்.

### எதிர்ப்பக்கம் தூங்குகிறதா?

சேகர் ஏன் மறுக்கிறான்? "பிடிவாதக்காரன்" என்பது பதில் இல்லை. கதையை அவன் பக்கமிருந்து ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மாலதி மேடையில் இல்லாத நாட்களில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் தொய்வுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அவள் வந்து தட்டும்போது மட்டும் எழுந்து "முடியாது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும் ஆளை வைத்துக்கொண்டு இருநூறு பக்கம் ஓட்ட முடியாது. அவனுக்கும் ஒரு திட்டம், ஒரு கெடு, ஒரு நியாயம் கொடுங்கள். எதிர்ப்பது மனிதராக இல்லாமல் நோயாகவோ வறுமையாகவோ இருந்தால், அதன் சார்பாகப் பேச ஒரு மனிதரையாவது கண்டுபிடியுங்கள்.

### கேள்வி மாறுகிறதா?

முதல் அத்தியாயத்தில் எழுந்த கேள்வி கடைசிவரை அப்படியே இருந்தால் ("வீடு விற்குமா, விற்காதா?") நடுப்பகுதி காத்திருப்பாக மாறிவிடும். ஏறக்குறைய பாதித் தூரத்தில் ஒரு தகவல் வந்து கேள்வியையே மாற்ற வேண்டும். தடையைப் பெரிதாக்குவது வேறு, கேள்வியை மாற்றுவது வேறு. அப்பா கடன் வாங்கியதே மாலதியின் படிப்புக்காக என்று தெரிந்த பிறகு, "விற்குமா" என்பது "விற்க அவளுக்கு என்ன உரிமை" என்று ஆகிவிடுகிறது. இதைச் செய்ய ஒரு காட்சி போதும். ஆனால் அதற்கான தடயங்களை முன்னால் இரண்டு மூன்று இடங்களில் விதைக்க வேண்டும், அங்கேதான் வேலை.

### கிளைக்கதை முட்டுகிறதா?

கிளைக்கதைகளுக்கு ஒரே சோதனைதான். அதை முழுதாக எடுத்துவிட்டால் மையக்கதையின் முடிவு மாறுமா? மாறாது என்றால், இரண்டில் ஒன்று செய்யுங்கள்: எடுத்துவிடுங்கள், அல்லது அதில் வருகிற ஒருவர் செய்யும் காரியம் மையக்கதையை ஒரு முறையாவது இடிக்கும்படி இணையுங்கள்.

### தொடராக எழுதியதா?

வாராவாரம் தொடராக எழுதியதைப் புத்தகமாக்கும்போது தனி வகைத் தொய்வு வரும். ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் போன வாரக் கதையின் நினைவூட்டல், ஒவ்வொரு முடிவிலும் ஒரு போலித் திடுக்கிடல். கதவு தட்டப்படுகிறது, "தொடரும்". அடுத்த வாரம் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர். வாரம் ஒன்று படிப்பவர் மன்னிப்பார். ஒரே மூச்சில் படிப்பவருக்கு மூன்றாவது கதவிலேயே சலித்துவிடும். நினைவூட்டல்களை எல்லாம் வெட்டுங்கள். அத்தியாய முடிவுகளை வரிசையாக வாசித்து, ஏமாற்றும் திடுக்கிடல்களை நீக்குங்கள். கை வைத்தால் பலன் உடனே தெரியும் வேலை இது.

### எதுவும் உதவவில்லையா?

செலவான காரணம் ஒன்று மிச்சமிருக்கிறது. இது நாவலுக்கான கரு இல்லை. நீளமான சிறுகதை, அல்லது குறுநாவல். கதையில் ஒரே ஒரு பெரிய முடிவுதான் எடுக்கப்படுகிறது, அதற்கு முன்னால் எல்லாமே தயாரிப்பு என்றால் அப்படித்தான் இருக்கும். அறுபது பக்கத்தில் கச்சிதமாக நிற்கும் ஒன்றை முந்நூறு பக்கத்துக்கு இழுக்க வேண்டிய அவசியம் என்ன? சுருக்குங்கள். எழுதியவருக்கு வலிக்கும், கதைக்கு வலிக்காது.

## அறிகுறி: "பாத்திரம் மனதில் நிற்கவில்லை"

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, பாத்திரத்தின் முழு விவரப் பட்டியல் தயாரிப்பது: பிடித்த நிறம், பிறந்த நட்சத்திரம், பள்ளிக்கூட நண்பர்கள். செய்வதில் தப்பில்லை, நேரம் இனிமையாகப் போகும். பழுது மட்டும் நீங்காது. பிடித்த நிறம் நீலம் என்று தெரிந்ததால் எந்தப் பாத்திரமும் எழுந்து நடந்ததாக எனக்கு நினைவில்லை.

முதலில் தேர்வுகளை எண்ணுங்கள். முக்கியப் பாத்திரம் இரண்டு வழிகளுக்கு நடுவே நின்று, ஒன்றை இழந்து மற்றதை எடுக்கும் இடங்கள் எத்தனை? அவளுக்கு நடப்பவை கணக்கில் வராது. அவள் செய்பவை மட்டும். முழு நாவலிலும் ஒன்றோ இரண்டோதான் என்றால், எவ்வளவு விவரித்தாலும் அவள் மங்கலாகத்தான் தெரிவாள். திருத்தம் எளிது: தற்செயலாக நடக்கும் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை அவளே செய்யும்படி மாற்றுங்கள். கடிதம் அவள் கையில் வந்து விழ வேண்டாம். தம்பியின் அலமாரியைத் திறந்து எடுக்கட்டும். கதை அதே இடத்துக்குத்தான் வரும், ஆனால் இப்போது நமக்கு அவளைப் பற்றி ஒன்று தெரியும், அவளுக்கும் மறைக்க ஒன்று இருக்கிறது.

தேர்வுகள் இருக்கின்றன, ஆனாலும் ஒட்டவில்லையா? என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டீர்கள், எதற்குப் பயப்படுகிறாள் என்று கேட்டீர்களா? மாலதிக்குப் பணம் வேண்டும். அவளுடைய பயமோ, தான் இந்த வீட்டுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்களோ என்பது. பணத்தை அடைய அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலையைக் கொண்டுவந்தால் காட்சிகள் தாமாகவே இறுகும். வேண்டுவதும் பயப்படுவதும் வெவ்வேறு திசையில் இருந்தால் ஒன்றும் நடக்காது.

ரொம்ப நல்லவளா? குறையே இல்லாத நாயகிக்குக் குறை சேர்க்கிறேன் என்று காப்பிக் கறையும் மறதியும் கொடுப்பார்கள். அது குறை இல்லை, அலங்காரம். மற்றொருவருக்கு நஷ்டம் வருகிற குறைதான் கணக்கு.

செலவான காரணம்: கதை தவறான ஆளின் கையில் இருக்கிறது. இந்த நிகழ்ச்சிகளால் மிக அதிகமாக இழப்பவர் யார்? அவர் முக்கியப் பாத்திரமாக இல்லையென்றால் அவர் பார்வையில் ஒரே ஒரு அத்தியாயம் எழுதிப் பாருங்கள். அது மற்ற அத்தியாயங்களைவிட உயிரோடு இருந்தால், மறுபடி எழுத வேண்டியதுதான். எழுதுமுன் யாரிடமாவது இரண்டு அத்தியாயங்களையும் கொடுத்துக் கேளுங்கள். இவ்வளவு பெரிய முடிவை ஒரு ராத்திரி உற்சாகத்தில் எடுக்க வேண்டாம்.

## அறிகுறி: "அவள் அப்படிச் செய்யமாட்டாளே!"

இந்தப் புகாரைக் கேட்டால் கொஞ்சம் சந்தோஷப்படுங்கள். உங்கள் பாத்திரத்தை வாசகர் நம்பியிருக்கிறார், அதனால்தான் சண்டைக்கு வருகிறார்.

மாறிய இடத்தைத் திருத்தாதீர்கள். அங்கே விளக்கம் சேர்ப்பது நிலைமையை மோசமாக்கும். முன்னால் போய்ப் பாருங்கள்: இந்த மாற்றத்தின் சாயல் அதற்கு முன் எங்காவது தெரிந்ததா? கடைசியில் சேகர் கையெழுத்துப் போடப் போகிறான் என்றால், ஒரு இடத்தில் அவன் தயங்க வேண்டும், இன்னொரு இடத்தில் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டு ஏதோ ஒரு சொல் சுட்டுப் பின்வாங்க வேண்டும். இரண்டு சிறிய இடங்கள், நாலைந்து வரிகள். அவை இருந்தால் மாற்றம் நம்பும்படி இருக்கும்.

விதை இருக்கிறது, ஆனாலும் நம்ப முடியவில்லை என்றால், மாறுவதற்கு அவன் கொடுத்த விலை என்ன என்று பாருங்கள். சும்மா மனம் மாறுவதை யாரும் நம்புவதில்லை.

இதன் உறவுக்காரப் புகார் ஒன்று உண்டு: "ஒரு போன் போட்டிருந்தால் கதையே முடிந்திருக்குமே?" இருவர் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும் தவறான புரிதலின்மேல் நாவல் நிற்கிறது என்று அர்த்தம். போனைத் தொலைத்துவிடுவதோ சிக்னல் இல்லாத மலைக்கு அனுப்புவதோ ஒருமுறைதான் செல்லும். பேசினாலும் தீராத சிக்கலாக மாற்றுங்கள். அவர்கள் பேசட்டும், உண்மை எல்லாம் வெளியே வரட்டும், அதன் பிறகும் இருவருக்கும் ஒரே நேரத்தில் வேண்டியது கிடைக்க வழியில்லாமல் இருக்கட்டும்.

## அறிகுறி: "எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள்"

உரையாடல் அதிகமுள்ள ஒரு பக்கத்தில் பெயர்களையும் "என்றான்", "என்றாள்" எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஒரு நண்பரிடம் கொடுங்கள். எது யார் பேச்சு என்று குறிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் தவறினால் பழுது உறுதி.

பெரும்பாலும் காரணம் சொற்கள் இல்லை. எல்லாரும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறார்கள், அதுதான். ஒருவர் கேள்வியையே திருப்பிக் கேட்பார், ஒருவர் பேச்சை மாற்றுவார், ஒருவர் தேவைக்கு மேல் விளக்குவார். யார் எப்படி நழுவுகிறார் என்பதை முடிவு செய்துவிட்டால் குரல்கள் பிரியத் தொடங்கும். வட்டார வழக்கை அள்ளித் தெளிப்பது இதற்கு மாற்று ஆகாது. வழக்கு ஒருவர் எங்கிருந்து வந்தவர் என்று சொல்லும், எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. ஒரே வீட்டில் வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரே வழக்கில்தானே பேசுவார்கள்?

தமிழில் எழுதுபவர் கையில் இருக்கிற ஒரு நல்ல கருவி விளிச்சொல். யார் யாரை "நீ" என்கிறார், யாரை "நீங்க" என்கிறார், எந்த இடத்தில் ஒன்று மற்றதாக மாறுகிறது என்று ஃபைலில் தேடிப் பார்த்துக் குறியுங்கள். காரணமில்லாமல் மாறியிருந்தால் பிழை. சண்டையின் நடுவில் தம்பி அக்காவைத் திடீரென்று "நீங்க" என்று அழைத்தால், அது ஒரு பத்தி விவரிப்புக்குச் சமம். அப்படி ஒரு இடத்தைத் தற்செயலாக விட்டுவைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

இன்னொன்று: இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் மற்றவருக்குச் சொல்வது. "நம்ம அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு இல்லையா அக்கா" என்று எந்தத் தம்பியும் சொல்வதில்லை. வாசகருக்காகப் பேசப்படும் வரிகளை வெட்டுங்கள்.

## அறிகுறி: குழப்பம்

"இவனுக்கு இது எப்படித் தெரியும்?", "நேற்றுதானே கல்யாணம் ஆனது?" மாதிரிப் புகார்கள். திறமையைவிடப் பொறுமைதான் தேவை. ஒரு அட்டவணை போடுங்கள்: காட்சி, கிழமை, ஒவ்வொருவரின் வயது, அந்தக் காட்சி முடிவில் யாருக்கு எந்த ரகசியம் தெரியும். பிளாஷ்பேக் இருந்தால் நடந்த வரிசையைக் காட்ட அட்டவணையில் தனியாக ஒரு நெடுவரிசை.

பார்வைக் கோணம் தாவுவதும் குழப்பம்தான். மாலதியின் கண் வழியாகப் போகும் காட்சியில் "சேகருக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது" என்று வந்தால், அது அவளுக்கு எப்படித் தெரிந்தது? அவள் பார்க்கக்கூடியதை எழுதுங்கள், வெட்கத்தை வாசகர் கண்டுபிடிப்பார். எல்லாம் அறிந்த கதைசொல்லிதான் உங்கள் முறை என்றால் தாவலாம், ஆனால் முதல் அத்தியாயத்திலிருந்தே தாவ வேண்டும்.

## அறிகுறி: "முடிவு ஏமாற்றிவிட்டது"

எளியது: முடிந்த பிறகும் ஓடுகிறது. கடைசி அத்தியாயத்தை மறைத்துவிட்டு அதற்கு முந்தையதோடு முடியுங்கள். நன்றாக இருக்கிறதா? அப்படியே விட்டுவிடுங்கள். எல்லாருக்கும் வேலையும் கல்யாணமும் ஏற்பாடு செய்து வைப்பது எழுதுபவரின் பாசம், வாசகர் அதைக் கேட்கவில்லை.

வாக்குறுதிப் பட்டியல். கதையை ஒருமுறை புரட்டி, வாசகரைக் காத்திருக்க வைத்த எல்லாவற்றையும் எழுதுங்கள்: பூட்டிய அறை, பேர் சொல்லாத கடிதம், "அப்புறம் சொல்றேன்" என்று நிறுத்திய பேச்சு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பக்கத்தில் பதில் கிடைக்கிறது என்று குறியுங்கள். பதில் இல்லாதவற்றுக்குப் பதில் எழுதுவதைவிட, பெரும்பாலும் கேள்வியை நீக்குவது மலிவு.

தற்செயல். தற்செயலாகச் சிக்கல் வரலாம், வாசகர் ஏற்றுக்கொள்வார். தற்செயலாகச் சிக்கல் தீரக் கூடாது. பழங்காலக் கிரேக்க நாடகங்களில் கடவுள் வேடமிட்டவரைப் பளுதூக்கியில் மேடைக்கு இறக்கி எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் வழக்கம் இருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அதைக் குறை சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் திடீர் மாரடைப்பும், வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவும், தொலைந்துபோன உயிலும் இறங்குகின்றன. தீர்வைக் கொண்டுவரும் பொருளோ ஆளோ திறமையோ கதையின் முதல் பாதியில், வேறொரு காரணத்துக்காக, ஒருமுறையாவது தென்பட்டிருக்க வேண்டும். அப்படி விதைத்துவிட்டால் பாதிப் பழுது நீங்கும். தீர்க்கும் செயலை முக்கியப் பாத்திரமே செய்தால் மீதியும்.

திருப்பம் ஏமாற்றினால் வேறொரு சோதனை. முடிவு தெரிந்த ஒருவர் இரண்டாவது முறை படிக்கட்டும். அவருக்குத் தடயங்கள் தெரிய வேண்டும், எந்த வரியும் பொய் சொல்லியிருக்கக் கூடாது. யாருடைய மனதுக்குள் உட்கார்ந்து கதை சொன்னீர்களோ அவரே குற்றவாளி என்றால், அவர் ஏன் அதைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை என்ற கேள்விக்குத் தப்ப முடியாது.

செலவானது: முதல் அத்தியாயம் கேட்ட கேள்வி ஒன்று, கடைசி அத்தியாயம் சொல்லும் பதில் வேறொன்றுக்கு. இரண்டையும் ஒவ்வொரு வாக்கியமாக எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பொருந்தவில்லை என்றால் உடனே முடிவை இடிக்கப் போகாதீர்கள். கதையை எழுதிக்கொண்டே போகும்போது அதைப் பற்றி நீங்கள் அதிகம் தெரிந்துகொண்டிருப்பீர்கள், அதனால் கடைசி அத்தியாயம்தான் பெரும்பாலும் உண்மையானது. முதல் அத்தியாயத்தை அதற்கேற்ப மாற்றுவது சுலபம், சரியும்கூட.

## அறிகுறி: பாதியில் நின்றுவிட்டது

"அடுத்து என்ன எழுதுவதென்றே தெரியவில்லை" என்றால் அடுத்ததை யோசிக்காதீர்கள். பட்டியலில் பின்னோக்கிப் போய், பாத்திரம் கடைசியாக ஒரு தேர்வு செய்த காட்சியைக் கண்டுபிடியுங்கள். அநேகமாக இரண்டு மூன்று காட்சிகளுக்கு முன்னால் இருக்கும். அங்கே அவள் எடுத்த முடிவுதான் வழியை அடைத்திருக்கிறது, அல்லது அதற்குப் பிறகு வந்தவற்றில் அவளுக்கு வேலையே இல்லை. அந்தக் காட்சியில் மற்ற வழியை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்.

முடிவு தெரிந்திருந்தால் இன்னொரு வழி: கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி, "இது நடக்க இதற்கு முன் என்ன நடந்திருக்க வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே நின்ற இடத்துக்கு வாருங்கள்.

## எப்போது வெளியாளைக் கூப்பிடுவது

முதலில் காசு செலவில்லாத வழி. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத மூன்று வாசகர்களிடம் கொடுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எங்கே திரும்பப் படிக்க வேண்டியிருந்தது, யாரை நம்பவில்லை என்று கேளுங்கள். மூவரும் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே பழுது உறுதி. ஒருவர் மட்டும் சொன்னால் குறித்து வையுங்கள், அவசரப்பட வேண்டாம்.

எடிட்டரிடம் போக வேண்டிய கட்டம் இது: அதே புகாருக்காக இரண்டு முறை திருத்தி எழுதியும் புதிய வாசகர் அதையே சொல்கிறார். அல்லது ஒரு பழுதை நீக்கினால் இன்னொன்று முளைக்கிறது. அல்லது உங்கள் கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் ஒவ்வொரு முறையும் வேறு கதை சொல்கிறீர்கள்.

எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கதையமைப்பைப் பார்ப்பவர், மொழிநடையைச் செம்மை செய்பவர், மெய்ப்புப் பார்ப்பவர் (எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை திருத்துபவர்) மூவரும் வேறு வேறு. அமைப்பு முடியுமுன் மெய்ப்புக்குப் பணம் கொடுப்பது, நீக்கப்போகும் அத்தியாயத்தில் ஒற்றுப்பிழை திருத்துவதில்தான் முடியும். முழுக் கைப்பிரதிக்கு ஒப்புக்கொள்ளுமுன் முதல் மூன்று அத்தியாயங்களுக்கு மட்டும் கருத்துக் கேட்டுப் பாருங்கள். அவர் எதைப் பிடிக்கிறார் என்பதிலிருந்தே உங்களுக்கு ஒத்துவருவாரா என்று தெரிந்துவிடும். அனுப்பும்போது முடிவையும் சேர்த்த கதைச்சுருக்கம், காட்சிப் பட்டியல், உங்கள் சந்தேகங்கள் மூன்றும் இருக்கட்டும். முடிவைச் சஸ்பென்ஸாக வைத்துக்கொண்டு அமைப்பைப் பார்க்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

எடிட்டராலும் தீர்க்க முடியாத வகை இரண்டு. சட்டம், மருத்துவம், காவல்துறை நடைமுறை போன்றவற்றின்மேல் கதையின் முடிச்சு நின்றால் அந்தத் துறையில் வேலை செய்கிற ஒருவரிடம் அந்தக் காட்சிகளை மட்டும் காட்டுங்கள். உயில் அப்படிச் செல்லாது என்று தெரிந்தால் முழுக் கதையும் சரியும், அதைப் புத்தகம் வந்தபின் தெரிந்துகொள்ள வேண்டாம். உயிரோடிருக்கும் ஒருவரை அடையாளம் தெரியும்படி எழுதியிருந்தால், வெளியிடுமுன் வக்கீலிடம் காட்டுங்கள்.

எடிட்டரின் குறிப்புகள் வந்ததும் கைப்பிரதியைத் திறக்காதீர்கள். காட்சிப் பட்டியலைத் திறங்கள். ஒவ்வொரு குறிப்பையும் அவர் சொன்ன காட்சிக்கு நேரே எழுதி, அதன் காரணம் எந்த முந்தைய காட்சியில் இருக்கிறது என்று நீங்களே ஒரு அம்புக்குறி போடுங்கள். அம்புகள் பலவும் ஒரே காட்சியில் போய்ச் சேர்ந்தால் அதை முதலில் திருத்துங்கள். மீதிக் குறிப்புகளில் சில அதிலேயே அடிபட்டுப் போயிருக்கும், அதனால் மற்ற காட்சிகளைத் தொடுமுன் பட்டியலை இன்னொரு முறை சரிபாருங்கள்.